பக்கெட்டுக்கு முழு ஆதரவு

புரோகிராம் எழுதுகிறவர்கள் புரோகிராம் எழுதுவதற்கென்றே ஒரு புரோகிராம் இருக்கிறது. ஐடிஇ என்பார்கள். தச்சருக்குப் பட்டறை மாதிரி. வேண்டிய சாமான் எல்லாம் அதிலேயே மாட்டியிருக்கும். பிழை விட்டால் உடனே சிவப்புக் கோடு போட்டு மானத்தை வாங்கும். அப்படி ஒரு ஐடிஇ-யைத் தயாரித்து உலகுக்கு வழங்கிவந்த கம்பெனியில் நம்முடைய டெஸ்டர் வேலை பார்த்தாள். டெஸ்டர் என்பது, அடுத்தவர் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பதை உடைத்துக் காட்டி, சம்பளத்தோடு முறைப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்கிற உத்தியோகம்.

அந்தக் கம்பெனியின் தலையாய கடமை, வெப் ஃப்ரேம்வொர்க்குகளுக்கு ஆதரவு அளிப்பது. வெப்சைட் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்று யாராவது ஒரு புண்ணியவான் முன்கூட்டியே எலும்புக்கூடு ஒன்றைச் செய்துவைப்பார். சதையை மட்டும் நாம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த எலும்புக்கூடுதான் ஃப்ரேம்வொர்க். ஆதரவு என்றால் தோளில் கைபோட்டு ஆறுதல் சொல்வது இல்லை. ஐடிஇ-யில் 'புது புராஜெக்ட்' என்ற பட்டனை அமுக்கினால் நீளமாக ஒரு மெனு இறங்கும். அதில் அந்த ஃப்ரேம்வொர்க்கின் பெயரும் படமும் இருக்க வேண்டும். பெயரைத் தொட்டால் எலும்புக்கூடு தானாக வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

கேட்பதற்கு என்னவோ சுலபம். ஆனால் முன்பெல்லாம் எப்போதோ ஒன்று பிறந்துகொண்டிருந்த ஃப்ரேம்வொர்க், இப்போது பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் ஒன்று பிறக்கிறது. போன மாதம் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடிய ஒன்றை இந்த மாதம் சொன்னால், "அய்யோ, இன்னுமா அதுல எழுதறீங்க?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள். ஆகவே அந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. எந்த ஃப்ரேம்வொர்க்கைப் பற்றி யார் பேசினாலும், 'கேள்விப்பட்டதில்லை' என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. லேசாகத் தலையாட்டி, "ம், நல்லா வந்துட்டிருக்கு" என்று சொல்ல வேண்டும். கொலை செய்தவனுக்காவது ஜாமீன் உண்டு. கேள்விப்படாதவனுக்குக் கிடையாது.

டெஸ்டருக்கு இந்தக் கூத்திலெல்லாம் மனசு ஒட்டவில்லை. அவளுடைய கவலையே வேறு. வீட்டில் தண்ணீர் வரவில்லை.

அவளும் அவள் அம்மாவும் குடியிருந்தது மூன்றாவது மாடியில். தெருவிலிருந்து வீட்டுக்கு வீடு தனித்தனியாக மேலே ஏறுகிற குழாய்களில் என்னவோ அடைத்துக்கொண்டு, அவர்கள் வீட்டுக்கும் இரண்டாவது மாடி அக்கா வீட்டுக்கும் ஒரு சொட்டு வருவதில்லை. தெருக்கோடிக் குழாயில் பிடித்து மாடிப்படியில் தூக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் ஒத்துழையாமை செய்துகொண்டிருந்தன. டெஸ்டர் ஆபீஸ் போனபிறகு அம்மா இரண்டு மாடிவரை எப்படியோ திணறித் திணறி வந்துவிடுவாள். அதற்குமேல் முடியாது. அங்கேயிருந்து கீழ்வீட்டு அக்காதான், தன் பக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு, "குடுங்கம்மா இப்படி" என்று வாங்கிக்கொண்டு மேலே தூக்கிவைத்துவிட்டுப் போவாள். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

தண்ணீர் வாரியத்துக்கு ஒரு வெப்சைட் இருந்தது. மஞ்சள் நிறத்தில், பார்த்தாலே கண் வலிக்கும். திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். ஆனால் புகார் எழுத ஒரு பெட்டியும், அமுக்க ஒரு பட்டனும் அதில் இருந்தன. டெஸ்டர் புகார் கொடுத்திருந்தாள். 'உங்கள் முறை நெருங்கிக்கொண்டிருக்கிறது' என்று அது தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரிதான் வீட்டுக்கு நம்பிக்கை.

இப்படி இருக்கையில், 'புது புராஜெக்ட்' மெனுவில் ஒரு கோளாறு வந்தது. பெயர்கள் அதிகமாகிவிட்டால் கடைசிப் பெயர் பாதி மறைந்துபோனது. சரிசெய்துவிட்டார்களா என்று பார்க்க, டெஸ்டருக்குப் பட்டியலில் இன்னும் ஒரு பெயர் தேவைப்பட்டது. என்ன பெயர் போடலாம் என்று விரலை மேலே வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏய், இருக்கிற ஒரே பக்கெட்டும் அடி விட்டுடுச்சுடீ. வரும்போது ஒரு பக்கெட் வாங்கிட்டு வா."

"சரிம்மா."

"சரின்னு சொல்லிட்டு மறந்துடாத. பக்கெட். பக்கெட்டு!"

டெஸ்டர் 'பக்கெட்' என்று அடித்தாள். படம் இல்லாமல் மெனு ஒத்துக்கொள்ளாது என்பதால் மவுஸைப் பிடித்துக் கோணல்மாணலாக ஒரு பக்கெட் வரைந்தாள். அது ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. பெயரைத் தொட்டால் ஏதாவது வர வேண்டுமே என்று ஒரு காலிப் பக்கத்தை வைத்தாள். ஒரு எழுத்து, ஒரு புள்ளி கிடையாது. சுத்த வெள்ளை. மெனு ஒழுங்காக இறங்கியது. வேலை முடிந்தது. 'டெஸ்டுக்குப் போட்டதையெல்லாம் ரிலீசுக்கு முன்னாடி எடுத்துடு' என்று, அந்த வேலைக்கென்று இருந்த தாடிக்கு எழுதிப் போட்டாள். தாடி என்பது அவள் குழுவிலிருந்த புரோகிராமர். பேச்சைவிடத் தாடி அதிகம் உள்ளவன்.

தாடி உட்கார்ந்து எடுத்தான். 'சோதனை' என்று பேர் போட்டதை எடுத்தான். 'சும்மா' என்று இருந்ததை எடுத்தான். பக்கெட்டைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. சாய்ந்த பக்கெட் படம். காலிப் பக்கம். அவனுக்கு உள்ளே கிலி பிடித்தது. இது ஏதோ புதிதாக வந்திருக்கிறது, உலகத்துக்கே தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாம். கேட்டால் மானம் போகும். விட்டுவிட்டான்.

ரிலீஸ் மீட்டிங் நடந்த அன்று டெஸ்டர் அரைநாள் லீவு. வாரியத்து பிட்டர் வரக்கூடும் என்று வீட்டில் காத்திருந்தாள். பிட்டர் வரவில்லை. ஆபீசில் மேனேஜர் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்து சட்டென்று நின்றார்.

"பக்கெட்..." என்றார்.

எல்லோரும் தாடியைப் பார்த்தார்கள். தாடி தொண்டையைச் செருமினான்.

"நல்லா வந்துட்டிருக்கு சார்."

"எனக்கே சொல்றியா? நான் ஆரம்பத்துலேர்ந்து ஃபாலோ பண்ணிட்டிருக்கேன்" என்றார் மேனேஜர். அத்தோடு நின்றாரா? ரிலீஸ் அறிவிப்பில் முதல் வரியாகவே போடச் சொன்னார்: 'பக்கெட்டுக்கு முழு ஆதரவு அளிக்கும் உலகின் முதல் ஐடிஇ.' அதுவாவது உண்மை.

மறுநாள் டெஸ்டர் அதைப் படித்துவிட்டு தாடியிடம் ஓடினாள்.

"டேய், பக்கெட்டை ஏன்டா எடுக்கல?"

"எடுக்கறதா? இப்ப எல்லாரும் அதுலதான் எழுதறாங்க."

"யாரு எல்லாரும்?"

"எல்லாரும்ப்பா."

"அது நான் டெஸ்டுக்குப் போட்டதுடா! அம்மா பக்கெட் வாங்கிட்டு வரச் சொன்னாங்க, அதை அடிச்சேன்!"

தாடி அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். பிறகு மெதுவாக, "ஓ... அப்ப நீதான் உருவாக்கினியா?" என்றான். அந்தக் குரலில் பக்தி இருந்தது.

அடுத்த ரிலீசில் எடுத்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. வெப்சைட் கட்டுகிறவர்கள் மெனுவைத் திறந்தார்கள். பக்கெட்டைப் பார்த்தார்கள். தாடிக்கு வந்த கிலி அவர்களுக்கும் வந்தது. தொட்டுப் பார்த்தார்கள். வெள்ளையாக ஒரு பக்கம், கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. அடேங்கப்பா, என்ன வேகம்! வேகம் அளக்கிற கருவியில் போட்டார்கள். நூற்றுக்கு நூறு. மொபைலில் பார்த்தார்கள், டிவியில் பார்த்தார்கள், எதிலும் ஒரு இம்மி நகரவில்லை. எந்த மொழியில் பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது. கம்ப்யூட்டர் திருடர்கள் உள்ளே புகுந்துவிடுவார்களா என்று ஒரு நிபுணர் குழு மாதக்கணக்கில் ஆராய்ந்தது. திருட ஒன்றும் இல்லாததால் 'அதிஉயர் பாதுகாப்பு' என்று சான்றிதழ் வழங்கியது.

பிறகென்ன, பக்கெட் படம் போட்ட சட்டை வந்தது. பக்கெட் பயிற்சி முகாம் வந்தது. மாணவர்கள் காலைமுதல் மாலைவரை வெள்ளைத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சந்தேகம் கேட்டவர்களை ஆசிரியர், "இன்னும் உங்க பழைய ஃப்ரேம்வொர்க்லேர்ந்து வெளிய வரல நீங்க" என்று கண்டித்தார். பக்கெட் ஏன் சாய்ந்திருக்கிறது என்று இரண்டு கோஷ்டிகளாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டார்கள். போட்டிக் கம்பெனி 'குவளை' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் காலிப் பக்கம்கூடக் கிடையாது.

டெஸ்டர் முதலில் சிரித்தாள். ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஒருநாள் காலையில், தங்கள் முறை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று பார்க்க வாரியத்து வெப்சைட்டைத் திறந்தாள். மஞ்சளைக் காணோம். டீயெல்லாம் குடிக்க நேரம் இல்லை, உடனே வந்துவிட்டது. சுத்த வெள்ளை.

சிரிப்பு அத்தோடு நின்றது.

வாரியத்துக்கு நேரில் போனாள். வாசலிலேயே பெரிய பலகை: 'நிலுவையில் உள்ள புகார்கள்: பூஜ்யம்.' அதற்கு ஜரிகை மாலை போட்டிருந்தார்கள். உள்ளே நீளமான பெஞ்சில் பிட்டர்கள் வரிசையாக, ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் குறட்டை விட்டார். அதிகாரி தன் அறையில் மலர்ந்த முகத்தோடு இருந்தார். வாரிய அதிகாரி ஒருவருடைய முகம் மலர்ந்து அவள் பார்த்தது அதுதான் முதல்முறை.

"சார், ஒரு புகார் கொடுக்கணும்."

"ஆன்லைன்ல கொடுங்கம்மா."

"ஆன்லைன்ல ஒண்ணுமே இல்ல சார்."

"ஆமா! ஒண்ணுமே இல்ல!" அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். "போன மாசம் வரைக்கும் மலை மாதிரி கெடந்தது. பக்கெட்டுக்கு மாறினோம், ஒரே நாள்ல பூஜ்யம். தண்ணி வரலைன்னு இப்ப ஒருத்தர் சொல்றதில்லையே!"

"சொல்றதுக்குப் பெட்டி இல்லையே சார்."

"புகாரே இல்லாத இடத்துல பெட்டி எதுக்கும்மா?"

"பழைய புகாரெல்லாம் என்னாச்சு?"

"எல்லாத்தையும் பத்திரமா புது சைட்டுக்கு மாத்தியாச்சு."

"அது வெறும் வெள்ளையா இருக்கு சார்!"

"சுத்தமா இருக்குன்னு சொல்லுங்க."

டெஸ்டர் பெஞ்சைக் காட்டினாள். "அவங்கள்ல ஒருத்தரை அனுப்புங்க சார். பக்கத்துத் தெருதான். அம்மாவுக்குக் கால் முடியல."

"மனசு இருக்கும்மா எனக்கு. ஆனா புகார் நம்பர் இல்லாம ஒருத்தன் ஸ்பேனரைத் தூக்கினா நாளைக்கு ஆடிட்ல நான் பதில் சொல்லணுமே. இல்லாத குறையைத் தீர்த்தது ஏன்னு கேப்பாங்க."

வேறு வழியில்லாமல் அவள் உண்மையைப் போட்டு உடைத்தாள். "சார், அந்த பக்கெட்டைச் செஞ்சதே நான்தான். அது ஒண்ணுத்துக்கும் உதவாது."

அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "நீங்களா!" என்று இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிட்டர்களையெல்லாம் எழுப்பி வரிசையாக நிற்கவைத்து, பூஜ்யப் பலகைக்கு முன்னால் அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டார். தண்ணீர் மட்டும் கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மா கதையைக் கேட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு சொன்னாள், "ஊருக்கெல்லாம் தண்ணி காட்டத் தெரியுது. வீட்டுக் குழாய்ல காட்டத் தெரியலையே உனக்கு."

மறுநாள் மேனேஜரிடம் போய் நின்றாள். "சார், பக்கெட்டைத் தூக்கிடலாம் சார்."

மேனேஜர் சிரித்தார். "நம்ம மெனுவுல ஜனங்க அதிகமாத் தொடறது எது தெரியுமா? உன் பக்கெட்தான். அதைத் தூக்கச் சொன்னா என்னைத் தூக்கிடுவாங்க."

"அது ஒண்ணுமே செய்யாது சார்!"

"அருமை. இதையே அடுத்த வாரம் மாநாட்டுல பேசு."

மாநாட்டில் பேசினாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒளிவுமறைவு இல்லாமல், "இது வெறும் காலிப் பக்கம்ங்க. டெஸ்டுக்குப் போட்டேன். எடுக்க மறந்துட்டோம். தயவுசெஞ்சு யாரும் உபயோகிக்காதீங்க" என்றாள். அப்புறம் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. முதல் வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'எடுக்க மறந்துட்டோம்' என்ற வாசகம் மாலைக்குள் சட்டைகளில் அச்சாகிவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் நினைவுப் பரிசாக, சாய்ந்த பக்கெட் படத்தோடு அந்த வாசகமும் போட்ட நிஜ பிளாஸ்டிக் பக்கெட் கொடுத்தார்கள். டெஸ்டர் அழமாட்டாக் குறையாக மூன்று பக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "உன் ஆபீஸ்லேர்ந்து உருப்படியா வந்தது இது ஒண்ணுதான்டீ" என்றாள். மூன்றில் ஒன்றைக் கீழ்வீட்டு அக்காவுக்குக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "ரெண்டாவது பதிப்பு இல்லாத ஃப்ரேம்வொர்க் செத்துப்போன ஃப்ரேம்வொர்க். பக்கெட் ஆதரவுப் பிரிவுன்னு ஒண்ணு ஆரம்பிக்கிறோம். நீதான் தலைமைச் சிற்பி. பக்கெட்ல என்ன மாத்தணும்னாலும் உன் ஒப்புதல் இல்லாம நடக்காது. ஏதாவது ஒண்ணைப் புதுசாச் சேர்த்துடு."

டெஸ்டருக்குத் தலைக்குள் பல்பு எரிந்தது. அடித்துப்போட முடியாத ஒன்றைத் திருத்தலாமே! உட்கார்ந்து எழுதினாள். காலிப் பக்கத்தின் நடுவில் ஒரு பெட்டி. பெட்டிக்கு மேலே 'என்ன வேண்டும்?' கீழே 'அனுப்பு' என்று ஒரு பட்டன். பெட்டியில் எழுதுவது வெப்சைட்டுக்குச் சொந்தக்காரர்களின் மெயிலுக்குப் போய்ச் சேரும்; எழுதியவருக்கு வரிசை எண் பதிலாக வரும். இவ்வளவுதான் பக்கெட் இரண்டு. பழையதை வைத்துக்கொண்டிருப்பது கேவலம் என்பதால், உலகத்தில் எல்லோரும் தங்கள் பக்கெட்டைத் தானாகவே புதிதுக்கு மாறும்படிதான் வைத்திருந்தார்கள். வாரியமும் அப்படித்தான்.

வெளியான அன்று காலையில் அவள் மொபைலோடு காத்திருந்தாள். வாரியத்தின் வெள்ளைப் பக்கத்தில் பெட்டி முளைத்த அந்த நொடியில், அம்மா சொல்லச் சொல்ல அடித்து அனுப்பினாள். 'முதல் புகாராகப் பதிவானது' என்று பதில் வந்தது. அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். படியிறங்கும்போது அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"என்னோடதையும் சேர்த்துப் போட்டு விட்டுடும்மா. எனக்கு இதெல்லாம் தெரியாது."

"இதோ போட்டுடறேன்க்கா. நம்ம ரெண்டு வீடும் அடுத்தடுத்து" என்றாள் டெஸ்டர். சொன்னபடி போட்டும்விட்டாள்.

வாரியத்தில் அன்று நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். இத்தனை நாள் சொல்ல இடம் இல்லாமல் ஊரே அடக்கிவைத்திருந்தது மடை உடைந்த மாதிரி கொட்டியது. பூஜ்யப் பலகையில் எண்ணை மாற்றப் போனவனால் ஏணியிலிருந்து இறங்கவே முடியவில்லை. எழுதி முடிப்பதற்குள் எண் ஏறிவிட்டது. பெஞ்சிலிருந்த பிட்டர்கள் எழுந்து நின்றார்கள், கால் மரத்துப்போயிருந்ததால் மறுபடி உட்கார்ந்தார்கள், மறுபடி எழுந்தார்கள். புகார் நம்பர் கையில் வந்துவிட்டதால் இனி அவர்களை யாரும் தடுக்க முடியாது. முதல் புகார் முதலில். ஒரு பிட்டர் பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குக் கிளம்பினார்.

அதேநேரம், உலகம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. பக்கெட்டில் பெட்டியா! பக்கெட்டின் ஆன்மாவே போய்விட்டதே! முன்பு உடனே வந்த பக்கம் இப்போது கண் இமைக்கிற நேரம் எடுக்கிறது. "கனத்துப்போச்சு" என்றார்கள். "வியாபாரமாயிடுச்சு" என்றார்கள். மாநாட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் இப்போது நிஜமாகவே அழுது வீடியோ போட்டிருந்தார். பாதிப் பேர் ஏற்கெனவே குவளைக்குப் போய்விட்டதாகத் தகவல். மேனேஜர் முகம் செத்துப்போயிருந்தது. டெஸ்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். வாரிய அதிகாரியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஒரே நாள்ல ஜனங்க கெட்டுப்போயிட்டாங்க சார்! நேத்து வரைக்கும் ஒரு குறையும் இல்லாம இருந்தவங்க. இன்னிக்குப் பெட்டியைப் பார்த்ததும் குறை சொல்றாங்க. நாளைக்கு எனக்குப் பூஜ்ய விருது கொடுக்கறாங்க சார். என் மானத்தைக் காப்பாத்துங்க."

"பழைய பதிப்புக்கே திரும்பிடறோம் சார். இந்தப் பொண்ணு ஒரு பட்டனை அமுக்கினாப் போதும்" என்றார் மேனேஜர்.

டெஸ்டர் முன்னால் கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பட்டன் தயாராக நின்றது. 'பழைய நிலைக்குத் திரும்ப ஒப்புக்கொள்கிறேன்.'

"இன்னிக்கு வந்த புகாரெல்லாம் என்ன ஆகும் சார்?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள்.

"திரும்பப் பெறப்பட்ட பதிப்பு வழியா வந்த புகார், வராத புகாராகக் கருதப்படும். விதி அப்படி. ஆரம்பிச்ச வேலையை மட்டும் முடிச்சுக் கொடுத்துடுவோம். நாங்களும் மனுஷங்கதானேம்மா."

டெஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்தே நின்றுவிட்டாள். "முடியாது சார்! அமுக்க மாட்டேன். ஊர்ல எத்தனை வீட்டுல தண்ணி இல்ல, தெரியுமா உங்களுக்கு? எங்க கீழ்வீட்டு அக்கா தன் பக்கெட்டையும் தூக்கிட்டு, எங்க அம்மா பக்கெட்டையும் தூக்கிட்டு மாடி ஏறறாங்க சார் தினமும். அவங்க புகார் ரெண்டாவது நம்பர். அதை வரவே இல்லைன்னு சொல்வீங்களா? எனக்கு வேலை போனாலும் பரவால்ல, இந்தப் பெட்டி இருக்கும்!"

பேசிமுடித்தபோது டெஸ்டருக்கே உடம்பு புல்லரித்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய மொபைல் அடித்தது. அம்மா.

"வந்துடுச்சுடீ! வந்துடுச்சு! கேளு, கேளு!" அம்மா போனைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். தண்ணீர் பக்கெட்டில் விழுகிற சத்தம் சோவென்று காதை அடைத்தது. எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! டெஸ்டருக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"அக்கா வீட்டுல?" என்று கேட்டாள்.

"நமக்கு முடிச்சுட்டு பிட்டர் இப்பத்தான் கீழ இறங்கறாரு. நான் தலைக்குத் தண்ணி ஊத்திக்கப் போறேன், வை."

டெஸ்டர் மொபைலை வைத்தாள். உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் நாற்காலி மெத்தென்று இருப்பது தெரிந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

"ஒரே ஒரு பட்டன்தானேம்மா" என்றார் மேனேஜர், அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே.

யோசித்துப் பார்க்கையில், மேனேஜர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பயன்படுத்துகிறவர்களின் உணர்வை மதிக்க வேண்டியிருக்கிறது. அமைப்பின் ஸ்திரத்தன்மை என்று ஒன்று இருக்கிறது. ஒரு தலைமைச் சிற்பி தன் சொந்த விருப்புவெறுப்பை நடுவில் கொண்டுவரலாமா? அதுவும் பொதுவாகப் பார்த்தால் பக்கம் கொஞ்சம் கனமாகத்தான் போயிருந்தது. பெட்டியை அடுத்த பதிப்பில், நன்றாக ஆலோசித்து, ஒரு குழு அமைத்து, மறுபடி சேர்க்கலாம்.

அமுக்கினாள்.

பிட்டர் இரண்டாவது மாடியில் அக்கா வீட்டுக் கதவைத் தட்டியிருந்தார். அக்கா திறந்தாள். பிட்டர் பையிலிருந்து ஸ்பேனரை எடுக்கும்போது அவருடைய மொபைல் முனகியது. எடுத்துப் பார்த்தார். ஸ்பேனரைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"உங்க புகார் வரவே இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சாயங்காலம் டெஸ்டர் வீடு திரும்பியபோது அக்கா தெருக்கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கையில் மாநாட்டு பக்கெட். சாய்ந்த படத்துக்குக் கீழே, 'எடுக்க மறந்துட்டோம்' என்று அச்சடித்திருந்தது. இரண்டு பேரும் ஒன்றாகப் படி ஏறினார்கள். மேலே குழாய் கொட்டுகிற சத்தம் இரண்டாவது மாடிவரை கேட்டது. அம்மா பாடிக்கொண்டே துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு வந்துடுச்சு போலிருக்கே" என்றாள் அக்கா. நிஜமான சந்தோஷத்தோடுதான் சொன்னாள். "நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானேம்மா போட்டோம்? எனக்கு என்னாச்சுன்னு தெரியல."

"சைட்டுல மறுபடி ஒரு தடவை போட்டுப் பாருங்கக்கா."

"பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் பார்த்தேன். வெள்ளையா வருதாம். ஆனா படு வேகமா வருதுன்னு சொன்னான்." அக்கா பக்கெட்டைக் கீழே வைத்து மூச்சு வாங்கினாள். "அதுவரைக்கும் மேல வந்து உங்க குழாய்ல ஒரு பக்கெட் பிடிச்சுக்கட்டுமா?"

டெஸ்டர் வாயைத் திறப்பதற்குள் மேலே கைப்பிடிச் சுவரிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"அய்யய்யோ, நீ எதுக்கும்மா ஒரு மாடி அதிகமா ஏறிக் கஷ்டப்படணும்! உடம்பு என்னத்துக்கு ஆகும்? ஆன்லைன்ல போடு, தானா வரும்."

அக்கா மேலே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். டெஸ்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குனிந்து பக்கெட்டைப் பார்த்தாள். தலைமைச் சிற்பி கையால் வரைந்த படம் இன்னும் சாயம் போகவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்லணும்" என்றாள் அக்கா, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டே. "நல்ல பக்கெட்டும்மா இது. ஒழுகவே இல்ல. இன்னொண்ணு இருந்தா குடேன், ரெண்டு கையிலும் தூக்கிட்டா ஒரு நடை மிச்சம்."

டெஸ்டர் மேலே ஓடினாள். மாநாட்டில் கிடைத்த மற்ற இரண்டு பக்கெட்டும் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன. ஒன்றிலிருந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, காலி பக்கெட்டைத் துடைத்து எடுத்துவந்து அக்காவிடம் கொடுத்தாள்.